இழுத்துப் பார்த்த சடை

ஜன்னலைச் சாத்தும்மா. சாத்திரு. எனக்காகச் சொல்லல, உனக்காகத்தான் சொல்றேன். ஈரத்தலையைப் பின்னிப் போட்டுக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்துருக்கியே, இந்த முடி விளங்குமா? தலைக்கு ஊத்துனா நல்லா உலர்த்தணும். துண்டை வச்சுப் படபடன்னு அடிக்கக்கூடாது, ஒத்தி எடுக்கணும். ஈரத்துல சீப்பே படக்கூடாது. நீ சீப்பும் போட்டு, பின்னவும் பின்னி, ரப்பர் பேண்டை வேற இறுக்கி மாட்டியிருக்க. யாரு பெத்த பிள்ளையோ, பாத்துக்கிட்டுச் சும்மா உக்கார முடியல. என்ன ஷாம்பு? வேணாம், சொல்லாத. வாசத்துலயே தெரியுது.

என் வயசுக்கு என் கொண்டையைப் பாரு. பாத்தேல்ல? அதான்.

தேனிக்கா போற? நானும் தேனிக்குத்தான். என் மகனுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம். சிரிக்காத, சந்தோசம்னு சொல்லாத. மாப்பிள்ளையோட அம்மா நிச்சயத்துக்கு ஒத்தையில பஸ்ல போறாளேன்னு உனக்குத் தோண வேணாமா? வேன் பிடிச்சு எல்லாரும் காலையிலயே கிளம்பிப் போய்ட்டாக. எங்க வீட்டுக்காரரு, என் மக, மருமகன், கொழுந்தனார் குடும்பம், எல்லாரும். நான்தான் வரலைன்னுட்டேன். "டேய் கதிரேசா, அதைத் தலையில வச்சுக்கிட்டு வா, நான் வேன்ல ஏறுறேன். இல்லைன்னா உங்கப்பாவை மட்டும் வச்சு நிச்சயம் பண்ணிக்க"ன்னு சொன்னேன். கெஞ்சுவான்னு பாத்தேன். நீ இல்லாம எப்படிம்மான்னு கையைப் பிடிப்பான்னு பாத்தேன். "சரிம்மா, வீட்டுச் சாவி டிவி மேல இருக்கு"ன்னுட்டு ஏறி உக்காந்துட்டான். வேன் தெருமுனை திரும்புற வரைக்கும் வாசல்லயே நின்னேன். ஒருத்தர் திரும்பிப் பாக்கணுமே. பட்டுச்சேலை வேற கட்டியாச்சு. அதைக் கட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கிறது? ஆரப்பாளையம் வந்து பஸ் ஏறிட்டேன்.

எதைத் தலையில வைக்கச் சொன்னேன்னு கேக்குறியா? இரு, காட்டுறேன். இந்தச் சம்படத்துலதான் இருக்கு. ஐயோ, அலறாத, எலி இல்ல. முடி. என் மகன் முடி. அதாவது என் மகனுக்காக வாங்குன முடி. நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் அப்படியே உக்காந்துக்கும். மோந்து பாரு. போன சனிக்கிழமை நல்லெண்ணெய் வச்சு, சீயக்காய் போட்டு அலசி, நிழல்ல உலர்த்தி, சாம்பிராணி காட்டி வச்சிருக்கேன். அவன் தலைக்குத்தான் செய்ய விடமாட்டேங்குறான், இதுக்காவது செய்வோமேன்னுதான்.

பிறந்தப்ப அவனுக்கு எப்படி முடி தெரியுமா? பிரசவம் பாத்த நர்சம்மாவே, பொம்பளப் பிள்ளையா பிறந்திருக்க வேண்டியதுன்னு சொன்னாக. பள்ளிக்கூடம் படிக்கிற வரைக்கும் சீப்பு உள்ள போகாது. காலேஜுக்குன்னு ஹாஸ்டலுக்குப் போனான், அங்கதான் ஆரம்பிச்சுது. போர்த் தண்ணி, ஒரே உப்பு. அப்புறம் ஹெல்மெட். உள்ள ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கிட்டு மாட்டுடான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. அப்புறம் தலையணை உறையைத் துவைக்காம மாசக்கணக்கா போட்டுப் படுத்துக்கிட்டு, விடிய விடிய செல்போனு. பின்ன முடி நிக்குமா?

பரம்பரையான்னு கேக்குறியா? நீயும் அவனைப் பாத்த தோல் டாக்டர் மாதிரியே கேக்குற. எங்க வீட்டுக்காரருக்கு வழுக்கைதான். அவுக அப்பாவுக்கும் வழுக்கைதான். கொழுந்தனாருக்கும்தான். அது வேற. அவுகெல்லாம் வெயில்ல அலைஞ்சவுக.

நான் விட்டேனா? நல்ல தண்ணி லாரி வந்தா, உலைக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி அவன் தலைக்குன்னு ஒரு குடம் ஒதுக்கிருவேன். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்திப்பூ எல்லாம் போட்டு எண்ணெய் காய்ச்சுவேன். வாரத்துல பாதி நாள் முருங்கைக்கீரை, தினம் ஒரு நெல்லிக்காய். சின்ன வெங்காயச் சாறு தேய்ச்சா முளைக்கும்னு சொன்னாக, காலையில எந்திரிச்சு நானே அம்மியில தட்டிப் பிழிஞ்சு தேய்ச்சு அனுப்புவேன். பாலிடெக்னிக்ல வாத்தியாரா இருக்கான். கிளாஸ்ல பிள்ளைக, "சார், இன்னைக்கு வீட்டுல சாம்பாரா?"ன்னு கேட்டாங்களாம். வந்து என்கிட்ட குதிக்கிறான். முடி வேணுமா, மானம் வேணுமாடான்னு கேட்டேன். மறுநாளும் தேய்ச்சுத்தான் அனுப்புனேன்.

வந்த வரன் எல்லாம் தலையைப் பாத்துட்டு ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிட்டுப் போச்சு. ஜாதகத்தைப் பாத்துட்டுத்தான வந்தீங்க, இப்பத் தலையைப் பாத்துட்டுப் பொருந்தலைங்கிறீங்களேன்னு ஒரு ஆளை வாசல்லயே வச்சு நல்லா வைதேன். அப்புறம்தான் இதை வாங்குனேன். அவனுக்குப் பிடிக்கல. அரிக்குதுன்னான், பசை பட்ட இடமெல்லாம் பொரியுதுன்னான். பொரிஞ்சா என்ன, தேங்காயெண்ணெய் தடவுனா போயிரும். கல்யாணம் ஆகுற வரைக்கும்தான வைக்கச் சொன்னேன், காலம் பூராவுமா வைக்கச் சொன்னேன்?

தரகர் சீனிச்சாமிதான் தேனியில இந்தப் பொண்ணைச் சொன்னாரு. தாமரைச்செல்வின்னு பேரு. கண் ஆஸ்பத்திரியில வேலை, கண்ணாடிக்குப் பவர் பாத்துச் சொல்ற வேலை. அப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

நாங்க போய் உக்காந்த நேரம், கரண்டு போயிருச்சு. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டும் புழுக்கம் தாங்கல. என் மகனுக்கு வேர்த்து ஊத்துது. பசை விட்டுப்போயி நெத்தியோரத்துல இது லேசா தூக்கிக்கிட்டு நிக்குது. நான் இங்கிட்டு இருந்து கண்ணைக் காட்டுறேன், இருமுறேன், என் நெத்தியை நானே தடவிக் காட்டுறேன். அவன் என்னைப் பாத்தாத்தான? காபித் தட்டோட வர்ற பொண்ணையே பாத்துக்கிட்டு இருக்கான்.

சடைன்னா சடை, அப்படி ஒரு சடை. முழங்காலைத் தொடுது. மல்லிகைச் சரம் வேற. பாத்ததும் எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. வேலைக்குப் போற பிள்ளைக்கு ஏது இவ்வளவு முடி? ஆற அமர எண்ணெய் வைக்க நேரம் ஏது? சவுரியை வச்சுப் பின்னி நம்மளை ஏமாத்தப் பாக்குறாகளோன்னு தோணுச்சு. கல்யாணம்னா ஆயிரங்காலத்துப் பயிருங்கிறோம், ஏமாத்தித் தலையில கட்டலாமா? என் மகன் வாழ்க்கை இல்லையா? பக்கத்துல வாம்மான்னு கூப்பிட்டேன். பூ சரியா இருக்கான்னு பாக்குற மாதிரி கையைக் கொண்டுபோயி, சடையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன்.

லேசாத்தான் இழுத்தேன். கை கொஞ்சம் பலமா விழுந்துருச்சு. அந்தப் பிள்ளை தலை பின்னால சாஞ்சு, தட்டு சரிஞ்சு, காபி பூரா அவுக அப்பா வேட்டியில. சடை வரல. நெசமான முடி. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? "பரவால்ல, அசல்தான்"னு வாய்விட்டே சொல்லிட்டேன். நல்ல வார்த்தைதான அது? பாராட்டித்தான சொன்னேன்?

அந்தப் பிள்ளை அழுதுரும்னு நெனச்சேன். எங்க காலத்துல நாங்கெல்லாம் அழுதோம். அவ அழல. தட்டைக் கீழ வச்சா, முந்தானையைச் சரி பண்ணுனா, என் முகத்தைப் பாத்தா. "அத்தை, என்னோடதை இழுத்துப் பாத்துட்டீக. அவுகளோடதை நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கவா?"ன்னு கேட்டா.

கோவமா கேக்கல. அதான் எனக்குத் தாங்கல. ஆஸ்பத்திரியில இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதான்னு கேப்பாளுகள்ல, அந்தக் குரல்ல கேக்குறா. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள என் மகன் பின்னந்தலையில கையை விட்டான். கிளிப்பை டிக் டிக்குனு எடுத்தான். நெத்தியில ஒட்டியிருந்ததைப் பிரிச்சான். முழுசாக் கழட்டி கேசரித் தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டு, "நீங்க சிரமப்பட வேணாங்க"ங்கிறான்.

அவ சிரிச்சுட்டா. வாயைப் பொத்திக்கிட்டு இல்ல, பல்லெல்லாம் தெரிய. அவ சிரிச்சதைப் பாத்து இவனும் சிரிச்சான். காலேஜுக்குப் போன நாள்ல இருந்து என் மகன் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுது. எந்திரிச்சு வெளிய வந்தேன், செருப்பைக்கூட மாத்தி மாட்டிக்கிட்டு. எங்க வீட்டுக்காரரு பின்னாடியே வருவாருன்னு பாத்தா, உள்ள உக்காந்து கேசரி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. கேசரி நல்லா இருந்துச்சாம்.

சம்பந்தம் முறிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் சீனிச்சாமி போன் பண்றாரு, பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சுப்போச்சுன்னு. ஏனாம்? பாக்க வந்த அன்னைக்கே உண்மையைக் காட்டுன ஆளு, இனிமே எதையும் மறைக்க மாட்டாருன்னு சொல்லுச்சாம். அப்ப நான் யாரு? இதைத் தேடி வாங்கி, பக்குவம் பண்ணி, காலையில எந்திரிச்சு அவன் தலையில ஒட்டிவிட்ட நான் யாரு? பொய்க்காரியா? சொல்லு, நீயே சொல்லு.

சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் என் வீட்டுல நடந்ததைக் கேளு. ஓரத்துல இருந்த முடியையும் போய்ச் சிரைச்சுக்கிட்டு வந்து நிக்குறான். மொழுமொழுன்னு. அவதான் அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னாளாம். உடம்புக்குப் போடுற சோப்பை அப்படியே தலைக்கும் தேய்ச்சு, ரெண்டு செம்பு தண்ணியை ஊத்திக்கிட்டு வந்துர்றான். உப்புத் தண்ணி. வெங்காயம் வேணாங்குறான், எண்ணெய் வேணாங்குறான். காய்ச்சி வச்ச எண்ணெய் பாட்டில் பாட்டிலா பரண்ல கிடக்கு. பாட்டு வேற பாடுறான் குளிக்கும்போது.

எண்ணெய் போனாப் போகட்டும். சனிக்கிழமை சாயங்காலமானா முன்ரூம்ல நான் நாற்காலியில உக்காருவேன், அவன் எனக்கு முன்னாடி தரையில உக்காருவான். எண்ணெயை நேரா அடுப்புல சுட வைக்கக்கூடாது, சுடுதண்ணிக்குள்ள கிண்ணத்தை வச்சு வெதுவெதுன்னு ஆக்கணும். நகம் படாம விரல் நுனியால பைய வட்டம் வட்டமா தேய்க்கணும். அப்பத்தான் அவன் பேசுவான். மத்த நேரம் ம், ஊஹும், அவ்வளவுதான். தலையில கை பட்டா, கிளாஸ்ல இது நடந்துச்சும்மா, பிரின்சிபால் அப்படிச் சொன்னாரும்மான்னு பேசிக்கிட்டே கண்ணை மூடிருவான். இப்ப யார்கிட்ட பேசுறான்? போன்ல அவகிட்ட பேசுறான். என்கிட்ட வந்து தலையைக் கொடுத்து உக்காந்து மாசக்கணக்கா ஆச்சு. முடி கொட்டுனதுக்குக்கூட நான் இப்படி வருத்தப்படல.

வருத்தம் இல்ல, கோவம். கோவம்தான். கண்ணுல தூசி. ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்ல? நல்லா சாத்தல நீ.

ஏன், இழுத்துப் பாத்தா என்ன தப்புங்குறேன்? எனக்கு என் மாமியார் பண்ணலையா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, கொண்டையை அவுத்துவிடச் சொன்னாக. ஊசியை ஒவ்வொண்ணா அவுகளே உருவுனாக. முடியை மடியில போட்டுக்கிட்டு நுனியில இருந்து வேர் வரைக்கும் இழுத்து இழுத்துப் பாத்தாக. ஆட்டுச் சந்தையில வாயைத் திறந்து பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்கள்ல, அந்த மாதிரி. கூடத்துல எங்க பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு ஆம்பளைக எல்லாரும் உக்காந்துருக்காக. நான் வாயைத் திறந்தேனா? குனிஞ்சு என் கால்விரலையே பாத்துக்கிட்டு நின்னேன். கண்ணுத் தண்ணி கால்ல சொட்டுது, அதையும் யாரும் பாத்துரக்கூடாதேன்னு சேலையை இழுத்து மறைச்சேன். நாலு பேருக்கு நடுவுல தலையை விரிச்சுப் போட்டு நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?

அன்னைக்கே எங்க வீட்டுக்காரருக்கு முன்னந்தலை பூரா கொட்டியிருந்துச்சு. எதுத்தாப்புலதான் உக்காந்துருந்தாரு, தலை பளபளன்னு மின்னுது. "உங்க மகனோடதை நான் இழுத்துப் பாக்கவா?"ன்னு எனக்குக் கேக்கத் தோணல. தோணவே இல்ல. அன்னைக்குத் தோணல, அதுக்கப்புறம் இத்தனை வருசத்துல ஒரு நாளும் தோணல. இவ கேட்டப்புறம்தான், அட, இப்படிக் கேட்டுருக்கலாமேன்னு தெரியுது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தோணுச்சு? வந்த நிமிசத்துல எப்படித் தோணுச்சு? நெனைக்க நெனைக்க எனக்கு ஆத்திரமா வருது.

இரு, போன் அடிக்குது. பாத்தியா, அவதான். எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். ... விடமாட்டேங்குறா. சரி, எடுக்குறேன், நீ பேசாம இரு.

ம். ... பஸ்ல. ... உசிலம்பட்டி தாண்டியாச்சு. ... ஏன் இன்னும் தலை பின்னல? ... பார்லர்க்காரி வரலையா? ... வந்துட்டாளா, பின்ன என்ன? ... யாரு, நானா? ... ம். ... தலை காஞ்சுதா? ... டிரையர் வைக்காத. வைக்காதங்குறேன்ல. மாடிக்குப் போயி நிழல்ல நில்லு. சிக்கை நுனியில இருந்து எடுக்கச் சொல்லு, மேல இருந்து இழுக்க விடாத. ... சரி சரி. வை.

திமிரைப் பாத்தியா? பார்லர்க்காரியை உக்கார வச்சுட்டு, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்காளாம். நான் வந்துதான் பின்னணுமாம். "இழுத்துப் பாத்த கைதான அத்தை, நல்லா பிடிமானமா பின்னும்"ங்கிறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. நான் என்ன இவளுக்குச் சடை பின்னவா பெத்து வளத்தேன் மகனை? வர்றவுகளுக்கு முன்னாடி மாமியாக்காரி பின்னால நின்னு மருமகளுக்குத் தலை பின்னணுமாம். என் மாமியார்கிட்ட இப்படிக் கேட்டிருந்தா கொன்னு போட்டுருப்பாக.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடி. மரச்சீப்பு ஒண்ணு போட்டேன், எங்க போச்சு? சம்படத்துக்குள்ளயா வச்சேன்? ஆமா, இந்தா இருக்கு. பார்லர்க்காரி பிளாஸ்டிக் சீப்பு வச்சிருப்பா, அது அவ்வளவு நீளத்துக்கு ஆகாது, அத்துவிட்டுரும். சம்படத்தை அடியில வச்சிரு. இன்னும் அடியில. வெத்தலைபாக்குக்குக் கீழ.

கணவாய் தாண்டிருச்சு. ஆண்டிபட்டியும் தாண்டியாச்சு, இனி தேனிதான். நீ படிச்ச பிள்ளை, ஒண்ணு கேக்குறேன். நிச்சயத்துல சம்பந்தியம்மாவை உக்கார வச்சுப் பூ வைப்பாங்கள்ல? அவ அம்மா வைப்பா. இல்ல, இந்தப் பிள்ளையே நான் வைக்கிறேன்னு வந்து நிப்பா, அவ செய்வா. பூ வச்சா கொண்டையில கையை வச்சுத்தான ஆகணும்? ஊசி குத்தி, இங்கிட்டு அங்கிட்டு அழுத்தி. நேத்துல இருந்து அதேதான் ஓடுது எனக்குள்ள. காலையில வேன்ல ஏறாம நின்னதுக்கு அதுவும்தான் காரணம். என் மகன்கிட்ட அதைச் சொல்லல. சொல்ற விசயமா அது?

என்ன அப்படிப் பாக்குற? ஆமா, சவுரிதான். பாதிக்கு மேல சவுரிதான். இவன் பிறந்தப்புறம் கொத்துக் கொத்தா கொட்டுச்சு. அன்னைக்கு மடியில போட்டு அளந்து பாத்த மனுசிகிட்ட, அந்த முடி போச்சுன்னு எப்படிச் சொல்றது? விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வச்சு முடிஞ்சுக்குவேன். அவுக போய்ச் சேந்து எத்தனையோ வருசமாச்சு, எனக்குக் கை நிக்கல. என் மகளுக்குக்கூடத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்னு நினைக்கிறேன், கேட்டதில்ல. அது வேற. அவன் வைக்க வேண்டியது வேற, இது வேற. நீ சின்னப் பிள்ளை, உனக்கு அந்த வித்தியாசம் புரியாது.

இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இறங்குறதுக்குள்ள ஒரு உதவி பண்ணு. நான் இப்படித் திரும்பிக்கிறேன், கொண்டையைக் கொஞ்சம் பாரு. ஒட்டு தெரியுதா? நிறம் வித்தியாசம் காட்டுதா? கீழ ஊசி எதும் நீட்டிக்கிட்டு நிக்குதா?

இழுத்துப் பாக்காதம்மா. சும்மா பாத்தாப் போதும்.